கில்ட்டுக்குக் குறைந்த விலையில் நல்ல சாக்ஸ்: வாங்குவது முதல் துவைப்பது வரை

ஸ்காட்லாந்தில் நண்பர் கல்யாணத்துக்கோ, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் நினைவாக ஜனவரி 25 அன்று நடக்கும் பர்ன்ஸ் விருந்துக்கோ கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும், மடிப்பு வைத்த கம்பளி உடை) போட்டுக்கொண்டு போகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் படிக்கிற, வேலை பார்க்கிற நம்மவர்களுக்கும் இப்படி ஓர் அழைப்பு என்றாவது வந்துசேரும். கில்ட், அதன் முன்னால் தொங்கும் ஸ்போரன் பை, ஜாக்கெட் என்று எல்லாவற்றையும் நாலு கடை ஏறி இறங்கிப் பார்ப்பார்கள். சாக்ஸ் மட்டும் கடைசி நேரத்தில், கடைக்காரர் எடுத்து நீட்டுகிற வெள்ளை ஜோடியாக முடிந்துவிடும்.

பேண்ட் போட்டால் சாக்ஸ் யார் கண்ணிலும் படாது. கில்ட்டில் அப்படி இல்லை. அதன் கீழ் விளிம்பு முழங்கால் சில்லின் நடுவோடு நின்றுவிடும். அதற்குக் கீழே கொஞ்சம் வெறுங்கால், அப்புறம் ஷூ வரைக்கும் சாக்ஸ்தான். வேட்டி கட்டியவரைப் பார்த்தால் கண் தானாகக் கரைக்குப் போகிற மாதிரி, கில்ட் போட்டவரைப் பார்த்தால் கண் முழங்காலுக்குக் கீழே போகும். 8 கெஜம் கம்பளித் துணியில் தைத்த, பல நூறு பவுண்டு பெறுமானமுள்ள கில்ட்டின் அழகைக் கணுக்காலில் சுருண்டு கிடக்கிற சாக்ஸ் கெடுத்துவிடும். ஆனால் இதைச் சரிசெய்யப் பெரிய செலவு வேண்டாம். 20 பவுண்டை ஒட்டிய விலையில் கிடைக்கிற, வேலைப்பாடு எதுவும் இல்லாத ஜோடியே போதும். அளவும் நூலும் சரியாக இருக்க வேண்டும், நிறத்தை நிதானமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

கடையில் ‘கில்ட் ஹோஸ்’ என்று கேளுங்கள். முழங்கால் உயரம் வந்து, மேலே 3, 4 இன்ச் மடித்துவிடும்படி பின்னிய சாக்ஸ் இது. மடிப்புக்குள் கார்ட்டர் என்கிற எலாஸ்டிக் பட்டை இருக்கும். அதிலிருந்து தொங்கும் சிறு துணித்துண்டுக்கு ஃப்ளாஷ் என்று பெயர். மடிப்புக்குக் கீழே அதன் நுனி மட்டும் எட்டிப் பார்க்கும்.

முதலில், எதற்காகப் போடுகிறீர்கள்?

பைப் பேண்ட் என்கிற பேக்பைப் வாத்தியக் குழுவில் வாசிக்கிறவர்களும் ஸ்காட்லாந்து மலைப்பகுதியின் ஹைலேண்ட் நடனப் போட்டிக்குப் போகிறவர்களும் தாங்களாக எதையும் வாங்க வேண்டாம். குழுவில் எல்லாரும் ஒரே மாதிரி போட வேண்டும், நடனப் போட்டிக்குத் தனி விதிகள் உண்டு. குழுத் தலைவரையோ ஆசிரியரையோ கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

கால்பந்து ஆட்டம் பார்க்க கில்ட் போட்டுப் போகிற டார்ட்டன் ஆர்மி என்கிற ஸ்காட்லாந்து அணி ரசிகர்கள், தடித்த சாக்ஸைப் பூட்ஸின் மேல் சுருட்டிவிட்டுப் போவார்கள். அதற்கு வீட்டில் இருக்கிற கம்பளி சாக்ஸ் போதும். தனியாகச் செலவு செய்யாதீர்கள்.

கில்ட்டை வாடகைக்கு எடுக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் ஷூ, சாக்ஸ், ஃப்ளாஷ் எல்லாம் சேர்ந்தே வரும். அந்த சாக்ஸ் பிடிக்கவில்லை என்றால் அதை அப்படியே வைத்துவிட்டுச் சொந்த ஜோடியைப் போட்டுக்கொள்ளலாம். வாடகை உடையிலேயே குறைந்த செலவில் மாற்ற முடிகிற ஒன்று இதுதான்.

மிச்சம் இருப்பது கல்யாணம், விருந்து, பட்டமளிப்பு விழா, கேலி (ceilidh) என்கிற ஸ்காட்டிஷ் கூட்டு நடன இரவு மாதிரியான நிகழ்ச்சிகள். இனிமேல் சொல்வது எல்லாம் இவற்றுக்குத்தான்.

அளவெடுப்பது

டேப்பை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கெண்டைக்கால் எங்கே மிகவும் பருமனாக இருக்கிறதோ அந்தச் சுற்றளவை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஷூ இல்லாமல் நேராக நின்று, தரையிலிருந்து முழங்கால் சில்லுக்கு மூன்று விரல் கீழே வரைக்கும் உள்ள உயரம். சாக்ஸின் மேல் விளிம்பு வந்து நிற்க வேண்டிய இடம் அதுதான். வேறொருவர் அளந்தால் நல்லது. நீங்களே குனிந்து அளந்தால் கால் மடங்கி அளவு மாறிவிடும்.

பாத அளவு பற்றி இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. இந்திய ஷூ எண்ணும் பிரிட்டன் எண்ணும் ஏறக்குறைய ஒன்றே, ஊரில் 8 போட்டால் இங்கேயும் 8 கேட்கலாம். அமெரிக்கக் கடையில் வாங்கினால் ஆண்களுக்கு ஓர் எண் கூட்டிக் கேளுங்கள். கில்ட் ஹோஸ் பெரும்பாலும் 6–8, 9–11, 12–14 என்ற மாதிரி மூன்று அளவில் வரும். நடுவில் மாட்டிக்கொண்டால் சிறியதை எடுக்காதீர்கள். நீளம் கொஞ்சம் மிஞ்சினால் மடிப்பை ஆழமாக விட்டுச் சமாளிக்கலாம். குறைந்தால் எதுவும் செய்ய முடியாது.

விலை மலிவான ஜோடிகளில் உண்மையான சிக்கல் கெண்டைக்காலில்தான் வரும். ‘எல்லா அளவுக்கும் பொருந்தும்’ என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கினால், 16 இன்ச்சுக்கு மேல் ஆடுசதை உள்ளவர்களுக்குப் பின்னல் அகன்று தோல் தெரியும். அங்கே அதிகமாக இழுபட்ட சாக்ஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வரும். ஒல்லியான கால்காரர்களுக்கு இதற்கு நேர் எதிரான தொல்லை, கணுக்காலில் துணி சேர்ந்து சுருங்கும். கடையில் இருந்தால் மடிப்புக்குக் கீழே இரண்டு கைகளாலும் அகட்டிப் பாருங்கள். விட்டதும் பழைய அகலத்துக்குத் திரும்ப வேண்டும். மெதுவாகத் திரும்பினாலோ விரிந்தே நின்றாலோ அதைத் திரும்ப வைத்துவிடலாம்.

நூலைப் பார்த்து வாங்குங்கள்

விலைச்சீட்டைப் படிப்பதற்கு முன் நூல் விவரச் சீட்டைப் படியுங்கள். நீங்கள் தேடுவது 60 சதவீதத்துக்கு மேல் கம்பளி, மீதியில் பெரும்பகுதி நைலான். கம்பளி இழை இயல்பாகவே சுருள் சுருளாக இருக்கும். இழுத்துவிட்டால் தானாகப் பழைய நிலைக்கு வரும். சாக்ஸ் காலோடு ஒட்டி நிற்பது இதனால்தான். அதோடு, தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் ஈரத்தை உறிஞ்சினாலும் கம்பளி நசநசக்காது. கேலி நடனத்தில் ‘ஸ்ட்ரிப் த வில்லோ’ ஒரு சுற்று ஆடிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆள் மாற்றி ஆள் கைபிடித்துச் சுழன்று வரிசையின் கடைசிக்குப் போய்ச் சேர்வதற்குள் கால் வெந்துபோகும். நைலான் சேர்ப்பது குதிகாலும் விரல் நுனியும் தேயாமல் இருக்க. முழுக் கம்பளி என்று பெருமையாக எழுதியிருக்கிற ஜோடி சீக்கிரம் ஓட்டை விழும். அதற்கு அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

அக்ரிலிக் சாக்ஸ் 10 பவுண்டை ஒட்டிக் கிடைக்கும், தொடுவதற்கு மெத்தென்று இருக்கும். ஆனால் வியர்வையை வாங்காது, சில தடவை துவைத்ததும் மேலே சின்னச் சின்ன உருண்டைகள் கட்டிவிடும். ஒரே ஒரு நாளுக்குப் போட்டுவிட்டு மறந்துவிடப் போகிறீர்கள் என்றால் சரி, வாங்கிக்கொள்ளலாம். பருத்தியை மட்டும் நான் எதற்கும் பரிந்துரைக்க மாட்டேன். தடித்த பின்னலில் பருத்தி கனக்கும், விரிந்தால் திரும்பச் சுருங்காது, ராத்திரி எட்டு மணிக்குள் மடிப்பு தொளதொளத்துவிடும்.

‘கம்பளிக் கலவை’ என்று அட்டையில் பெரிதாக எழுதியிருந்தால் கவனம். 10 சதவீதம் கம்பளி இருந்தாலும் அப்படி எழுதலாம். சதவீதம் போடாத பொருளை வாங்காதீர்கள்.

கம்பளி அரிக்கும் என்று பயப்படுகிறவர்கள் மெல்லிய இழையுள்ள மெரினோ கம்பளி கேட்கலாம். பேர் பெற்ற தயாரிப்பாளர்களிடம் 30 பவுண்டுக்கு மேல் போகும். கையால் பின்னியது 100 பவுண்டைத் தாண்டும். பணம் இருக்கிறவர்கள் வாங்கட்டும், அதில் உண்மையான உழைப்பு இருக்கிறது. ஆனால் 15 முதல் 25 பவுண்டுக்குள் வருகிற கம்பளி-நைலான் ஜோடிக்கும் அதற்கும் பத்தடி தூரத்திலிருந்து பெரிய வித்தியாசம் தெரியாது.

நிறம்: வெள்ளையை ஏன் தள்ளிவைக்கச் சொல்கிறேன்

பால் வெள்ளையும் கிரீமும் இத்தனை கல்யாணப் படங்களில் தெரிவதற்குக் காரணம் வாடகைக் கடைகள். எந்த டார்ட்டனுக்கும் (கில்ட் துணியின் கட்டம் போட்ட வடிவம்) ஒரே நிறத்தைக் கொடுத்துவிட்டால் அவர்களுக்கு வேலை சுலபம். போடுகிறவருக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. வெள்ளை, பார்க்கிறவர் கண்ணை நேராகக் கெண்டைக்காலுக்கு இழுக்கும். கில்ட்டின் நிறங்கள் அதற்கு முன்னால் மங்கிப்போகும். போதாக்குறைக்கு, ஸ்காட்லாந்து மழையில் புல்வெளியில் நின்று படம் எடுத்துவிட்டு வந்தால் கணுக்கால் வரை சேறு.

மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் கிரீம் என்று முடிவு செய்திருந்தால் அதையே போடுங்கள், தனித்துத் தெரிய வேண்டாம். அப்போதும் பளீர் வெள்ளையைவிட ஓட்ஸ் நிறத்தை ஒட்டிய கிரீம் நல்லது. நீங்களே தேர்வு செய்யலாம் என்றால் அடங்கிய நிறத்துக்குப் போங்கள்: லோவட் பச்சை, லோவட் நீலம், கரும்பச்சை, நேவி, கரிச் சாம்பல். லோவட் என்பது சாம்பல் கலந்த மங்கலான சாயல். ஹைலேண்ட் மலைச்சரிவின் புல்லும் ஹெதர் புதரும் சேர்ந்து தூரத்தில் தெரிகிற நிறம் என்று சொல்லலாம்.

டார்ட்டனோடு எப்படிப் பொருத்துவது? கில்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். துணியின் பெரும்பகுதியை நிரப்பியிருக்கிற நிறத்தை விட்டுவிட்டு, அதற்குள் இரண்டாவதாகத் தெரிகிற நிறத்தைப் பிடியுங்கள். ராயல் ஸ்டூவர்ட் மாதிரி சிவப்பு டார்ட்டனுக்குச் சிவப்பு சாக்ஸ் போட்டால் கண் கூசும். அதற்குள்ளேயே பச்சையும் நீலமும் ஓடுகின்றன, கரும்பச்சையோ நேவியோ எடுத்தால் அந்தச் சிவப்பே இன்னும் நன்றாகத் தெரியும். பச்சையும் நீலமும் கறுப்புமாக இருண்டிருக்கிற பிளாக் வாட்ச் டார்ட்டனுக்கு லோவட் பச்சை நன்றாகப் போகும். பகல் நிகழ்ச்சியில் ட்வீட் ஜாக்கெட்டோடு போட்டால் ஓட்ஸ் நிறமும் அழகு. சரியாக அதே சாயல் கிடைக்க வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம். கொஞ்சம் விலகி நின்றால்தான் இயல்பாக இருக்கும்.

சிவப்பு, ஆரஞ்சு மாதிரி பளிச்சென்ற நிறத்தை ஃப்ளாஷுக்கு விட்டுவிடுங்கள். சில பவுண்டில் இரண்டு நிற ஃப்ளாஷ் வாங்கி வைத்தால் ஒரே சாக்ஸ் இரண்டு விதமாகத் தெரியும்.

கறுப்பு? மாலை நேர பிரின்ஸ் சார்லி ஜாக்கெட்டோடு நிறையப் பேர் போடுகிறார்கள், தப்பில்லை. ஆனால் கறுப்பு ஷூவோடு சேர்ந்து முழங்கால் வரை பூட்ஸ் போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. கரிச் சாம்பலில் அந்தக் குறை இல்லை, அழுக்கும் அதே அளவுக்கு மறையும். ஒரே ஒரு ஜோடிதான் வாங்குவேன் என்கிறவர்களுக்கு என் பரிந்துரை லோவட் பச்சை அல்லது கரிச் சாம்பல்.

பின்னல்

நீளவாக்கில் வரி ஓடுகிற ரிப் பின்னலே போதும். காலோடு ஒட்டும், விலையும் குறைவு. கயிறு முறுக்கின மாதிரி புடைத்து நிற்கிற கேபிள் பின்னல் அழகுதான், ஆனால் மலிவு ஜோடியில் அந்தப் புடைப்பு பாதம் வரைக்கும் வந்து ஷூவை இறுக்கும். பாதப்பகுதி சமமாகவும் மெல்லிசாகவும் பின்னியிருக்கிறதா என்று உள்ளே கை விட்டுப் பாருங்கள். நல்ல ஜோடியை அங்கேதான் கண்டுபிடிக்கலாம்.

மடிப்பில் பூ வேலை உள்ள சாக்ஸை விரித்துப் பார்த்தால் வேலைப்பாடு உள்பக்கமாக இருக்கும். தப்பாகப் பின்னிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். மடித்தால் வெளியே வரும்.

கட்டம் போட்ட டைஸ்டு, ஆர்கைல் வகைகளின் கதை பெரியது. பின்னலுக்கு முன்னால், கில்ட்டுக்கு எடுத்த டார்ட்டன் துணியையே குறுக்குச் சாய்வாக வெட்டி, பின்னால் தையல் போட்டுக் காலுறையாக்கினார்கள். சாய்வாக வெட்டினால்தான் நெய்த துணி விரிந்து கொடுக்கும். அப்படி வெட்டும்போது சதுரக் கட்டங்கள் வைர வடிவில் திரும்பி நின்றன. இன்று உலகமெல்லாம் ஆர்கைல் என்று தெரிகிற வடிவம், ஆர்கைல் பகுதி கேம்ப்பெல் குலத்தாரின் டார்ட்டனோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. நன்றாகச் செய்த ஆர்கைல் ஹோஸ் விலை அதிகம். மெல்லிய துணியில் அச்சடித்த போலியை வாங்குவதைவிட ஒற்றை நிறத்தோடு நிற்பது மேல்.

எங்கே தேடுவது

எடின்பரோ ராயல் மைலில் வரிசையாக இருக்கிற சுற்றுலாக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் நூல் விவரத்தைப் பார்க்காமல் எடுக்காதீர்கள். ஆக்ஸ்ஃபாம், ஷெல்டர் ஸ்காட்லாந்து மாதிரி தொண்டு நிறுவனக் கடைகளில் கில்ட் சாமான் அடிக்கடி வரும். ஒரே கல்யாணத்துக்குப் போட்டுவிட்டுக் கொடுத்த சாக்ஸ் புதுசு மாதிரியே இருக்கும். குதிகாலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், மெலிந்திருந்தால் தெரிந்துவிடும்.

இங்கிலாந்து எல்லைப் பகுதியில் இருக்கிற ஹாயிக் ஊரையும் சொல்ல வேண்டும். 1771-இல் ஜான் ஹார்டி என்பவர் நான்கு காலுறைத் தறிகளை அங்கே கொண்டுவந்தார். ஊரே பின்னலாடைக்குப் பேர் வாங்கியது அந்தக் காலுறையில் தொடங்கித்தான். இன்றும் ஹவுஸ் ஆஃப் செவியட் என்ற நிறுவனம் அங்கேதான் கில்ட் ஹோஸ் பின்னுகிறது. முழு விலை நம் கணக்கைத் தாண்டலாம், தள்ளுபடி விற்பனையில் கண் வைத்திருங்கள்.

கில்ட் கடைக்கு வெளியே எனக்கு மிகவும் பிடித்த மாற்று, வேட்டைக்குப் போகிறவர்கள் போடும் ஷூட்டிங் சாக்ஸ். கிராமப்புற உடைக் கடைகளிலும் பண்ணைச் சாமான் கடைகளிலும் இருக்கும். மடிப்பு ஏற்கெனவே உண்டு, கம்பளி நிறைய இருக்கும், நிறங்களும் ஆலிவ், நேவி, அடர் மெரூன் என்று நமக்கு வேண்டியவையே. ‘கில்ட்’ என்ற பேர் இல்லாததால் சில சமயம் விலையும் இறங்கும். மடிப்பு குறைந்தது 3 இன்ச் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கால்பந்து சாக்ஸை மடித்துப் போடலாமா என்று கேட்பார்கள். நைலான் பளபளப்பு காட்டிக்கொடுத்துவிடும். மடித்தால் உள்பக்கத்து நூல் வளையங்கள் வெளியே வந்து நிற்கும். பள்ளிக்கூட முழங்கால் சாக்ஸ் பெரியவர்களுக்கு மெல்லிசு, மடிப்பு நிற்காது. சின்னப் பையன்களுக்கு அதுவே தாராளம், ஒரு வருடத்தில் கால் வளர்ந்துவிடும்.

பாத அளவு மிகப் பெரியவர்களுக்கு ஹோஸ் டாப்ஸ் உதவும். பாதம் இல்லாத கால்பகுதி மட்டும் உள்ள ஹோஸ் இது. பைப் பேண்ட்காரர்கள் ஷூவின் மேல்பகுதியையும் கணுக்காலையும் மூடும் ஸ்பாட்ஸ் உறைக்குள் போடுவார்கள். கில்ட்டோடு போடும் கில்லி ப்ரோக் ஷூவுக்கு நாக்கு கிடையாது, பாதத்தின் மேல்புறம் வெளியே தெரியும். அதனால் உள்ளே போடும் சாதாரண சாக்ஸும் அதே நிறத்தில் இருக்க வேண்டும்.

போடுகிற முறை

சாக்ஸையும் ஷூவையும் கில்ட் கட்டுவதற்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள். கில்ட்டோடு குனிந்து நாடா கட்டுவது பெரும்பாடு.

மடிப்பைப் பிரித்து, சாக்ஸை முழங்காலுக்கு மேலே வரை இழுத்துவிடுங்கள். குதிகால் சரியாக உட்கார்ந்ததா, வரிகள் நேராக ஓடுகின்றனவா என்று பாருங்கள். முழங்காலுக்குக் கீழே, ஆடுசதை புடைக்கத் தொடங்கும் முன் கால் கொஞ்சம் ஒடுங்குகிற ஓர் இடம் விரலுக்குத் தட்டுப்படும். கார்ட்டர் அங்கேதான் உட்கார வேண்டும். அதற்குக் கீழே, புடைப்பின் மேல் கட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். ஒடுக்கத்தில் கட்டினால் இறுக்கவே வேண்டாம், கீழே இருக்கிற சதையே தாங்கிக்கொள்ளும். கழற்றும்போது தோலில் ஆழமான தடம் இருந்தால் அடுத்த முறை தளர்த்துங்கள்.

ஃப்ளாஷ் காலின் வெளிப்பக்கம், கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கட்டும். இப்போது மேல்பகுதியை மடித்துவிடுங்கள். கார்ட்டர் முழுக்க மறைந்து, ஃப்ளாஷ் ஓர் இன்ச், ஒன்றரை இன்ச் மட்டும் தெரிந்தால் சரி. கண்ணாடி முன் நின்று இரண்டு மடிப்பும் ஒரே உயரமா என்று பாருங்கள். வெளியிலிருந்து முதலில் தெரிகிற குறை இதுதான்.

ஸ்கீயன் டூ என்கிற சிறு கத்தி வைப்பவர்கள், வலது கைக்காரர் என்றால் வலது சாக்ஸில், உறையோடு, கார்ட்டரின் பிடிக்குள் செருகிக் கைப்பிடியின் நுனி மட்டும் தெரிய விடுவார்கள். தொளதொளத்த சாக்ஸில் கத்தியின் கனமே மடிப்பைக் கீழே இழுத்துவிடும். விமானத்தில் போகிறவர்கள் அதை செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

முக்கியமான நாளுக்கு முன் வீட்டில் அரை மணி நேரம் போட்டுக்கொண்டு நடந்து பாருங்கள். மாடிப்படி ஏறி இறங்குங்கள். இறங்குகிற சாக்ஸ் அதற்குள் இறங்கிவிடும்.

துவைப்பதும் வைப்பதும்

கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடான தண்ணீரில் அலசி அடித்தால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணி சுருங்கி முரடாகிவிடும், திரும்ப வராது. கையால் அலசுங்கள், அல்லது மெஷினில் 30 டிகிரியில் கம்பளிக்கான சுற்றில் போடுங்கள். டிரையர் கூடவே கூடாது. பிழிந்து முறுக்காமல், துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, தட்டையாகப் பரப்பிக் காயவையுங்கள். தொங்கவிட்டால் தண்ணீரின் கனத்தில் நீண்டுவிடும். கார்ட்டரைக் கழற்றிய பிறகே துவையுங்கள், இல்லாவிட்டால் சிவப்பு ஃப்ளாஷின் சாயம் கிரீம் சாக்ஸில் ஏறிவிடலாம்.

அழுக்கோடு பெட்டியில் வைத்தால் அந்துப்பூச்சி தேடி வரும். துவைத்துக் காயவைத்து, மூடின பையில் லாவெண்டர் பொட்டலத்தோடு வையுங்கள்.

குதிகால் மெலியத் தொடங்கியதும் அதே நிற நூலால் தைத்துவிட்டால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். பாதம் முழுக்கப் போய்விட்டாலும் தூக்கிப் போடாதீர்கள். மேலே இருக்கிற ரிப்பும் மடிப்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கணுக்காலுக்குக் கீழே வெட்டி, பின்னல் பிரியாமல் விளிம்பைத் தைத்துவிட்டால் அதுவே ஒரு ஜோடி ஹோஸ் டாப்ஸ்.